பெட்டிக்கு ஒரு நாள் ஓய்வு

1

ஆயுத பூஜை நெருங்கியதும் எங்கள் பட்டறைச் சுவரில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். மேலே மலாய், கீழே ஆங்கிலம். பூஜை செய்துகொள்ளலாம், சந்தனம் குங்குமம் வைக்கலாம், ஆனால் எந்தக் கருவியையும் தொடக் கூடாது என்று அதில் இருந்தது. தொடாமல் எப்படிப் பொட்டு வைப்பது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிறவர்கள் இங்கே அதிக நாள் இருப்பதில்லை.

பீளமேட்டில் என்னோடு வேலை பார்த்த நண்பர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். சிரியுங்கள். ஆனால் அந்த ஒரு வரி அறிவிப்புக்குப் பின்னால் ஒரு மனிதருடைய வீடு போன கதை இருக்கிறது. கடிதங்களில் "இங்கே எல்லாரும் நலம்" என்று எழுதி எழுதி எனக்கே சலித்துவிட்டது. இந்த முறை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2

நான் சுங்கை காடுட்டில் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. என் மாமனார் கேட்பவர்களிடமெல்லாம் "மாப்பிள்ளை மலேசியாவில் கார் கம்பெனி" என்கிறார். கார் செய்வது வேறு யாரோ. நாங்கள் செய்வது அதன் புத்தியைச் சரிபார்ப்பது.

இப்போது வரும் வேன்களிலும் கார்களிலும் இன்ஜினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை ஒரு சின்ன அலுமினியப் பெட்டி முடிவு செய்கிறது. அதை ஈ.சி.யூ. என்போம். அதற்குள் இருப்பதெல்லாம் எண்கள்தான். குளிரில் கிளம்ப இவ்வளவு, வெயிலில் நின்று கொதித்த பிறகு கிளம்ப இவ்வளவு என்று வரிசை வரிசையாக எண்கள். அவை குளிர் நாட்டில் இருந்துகொண்டு எழுதியவை. பக்கத்து ஊரான பெடாஸின் வெயிலில் நிறுத்திய வேனை மறுபடி கிளப்பினால் அந்த எண்களுக்கு மூச்சு வாங்கும். அவற்றை இந்த ஊருக்கு ஏற்ப மாற்றுவதற்காகத்தான் என்னை இங்கே அழைத்து வந்தார்கள். ஒருவகையில் எனக்கும் அந்த எண்களுக்கும் ஒரே பாடுதான்.

எண்ணை மாற்றவும், மாற்றினால் என்ன ஆகிறது என்று அளக்கவும் இன்னொரு கருவி உண்டு. பட்டறையில் எல்லாரும் அதைப் 'பெட்டி' என்றே சொல்வோம். டிரைவர் இருக்கைக்கு அடியில் பொருத்தியிருக்கும். நாங்கள் மாற்றிய எண்கள் அதன் நினைவில் இருக்கும், ஈ.சி.யூ. அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். சங்கடம் என்னவென்றால், சாவியைத் திருப்பிய மறுகணமே ஈ.சி.யூ. விழித்துவிடும். பெட்டி சோம்பேறி. அது கண்ணைக் கசக்கி எழுந்து உட்காருவதற்குள் ஈ.சி.யூ. தன் பழைய எண்களை வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்திருக்கும். இன்ஜின் கிளம்பும் அந்த முதல் சில விநாடிகளைத்தான் அளக்க வந்திருக்கிறோம், அதுவே பதிவில் இருக்காது.

ஆகவே நான் ஒரு வரிசை வகுத்தேன். பெட்டிக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒரு தனி வயர். முதலில் பெட்டியை எழுப்ப வேண்டும். அதன் விளக்கு பச்சையான பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். கேட்பதற்கு இவ்வளவுதான். ஆனால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னால் பத்து டிரைவரில் ஒன்பது பேருக்குக் கை அரிக்கும். பத்தாவது ஆள்தான் பெருமாள்.

3

பெருமாளண்ணன் பெடாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். முதலில் ரப்பர் மரத்தில் பால்வெட்டு, பிறகு பால் லாரி, ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு குலை லாரி. தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் எங்கள் பட்டறையில் சேர்ந்தார். நாங்கள் வேனைச் சோதிப்பதும் அதே தோட்டத்தின் செம்மண் சாலையில்தான். ரப்பர் ஷீட் உலர்த்திய பழைய புகைவீட்டுக்கு முன்னால் ஒரு திடல், நிழல் என்று ஒரு புல் உயரம்கூட இல்லாத இடம். அங்கே உச்சி வெயிலில் வேனை நிறுத்தி, கொதிக்க விட்டு, மறுபடி கிளப்புவோம். அது கொதிக்கும் வரை நாங்கள் இருவரும் ஓரத்துச் செம்பனை மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம்.

"ஒங்க தமிழ்ல எதுக்கெடுத்தாலும் ஒரு 'ங்க' தொங்குது சார்," என்பார். "மாட்டுக்குக்கூட மரியாத குடுப்பீங்க போல."

"உங்க தமிழ்ல எதுக்கெடுத்தாலும் ஒரு 'லா' நிக்குதுங்கண்ணா."

"அது மலாய்க்காரன் குடுத்தது லா சார். நாம கேட்டா வாங்குனோம்?"

அவருக்கு அப்போது ஒரே ஒரு கவலை. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களை இடிக்கப்போகிறார்கள். காலி செய்கிறவர்களுக்குப் பெடாஸ் பக்கம் மலிவு விலை வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு வேண்டுமென்றால் வங்கிக் கடன் வேண்டும். கடன் வேண்டுமென்றால் நிரந்தர வேலை வேண்டும். எங்கள் பட்டறையில் அவர் தற்காலிகம். வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு நிபுணர் வந்து நாங்கள் மாற்றிய எண்களைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டுப் போனதும் நிரந்தரம் ஆக்குகிறோம் என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். பெருமாளண்ணன் மனைவி அஞ்சலை, ஜன்னலுக்குத் திரைத்துணிகூடப் பசாரில் பார்த்து வைத்துவிட்டார்.

மேலாளரும் தமிழர்தான். சிரம்பானில் ஜவுளிக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. என்னோடு ஆங்கிலம், மற்றவர்களோடு மலாய். எதையாவது மறுப்பதாக இருந்தால் மட்டும் தமிழில் பேசுவார். இல்லை என்று சொல்ல அந்த மொழிதான் அவருக்கு வசதி போலிருக்கிறது.

4

நடுவே என் வீட்டுக் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என்னை மட்டும் பெரிய பாதுகாப்பில் இருக்கிறவன் என்று நினைப்பீர்கள். நாங்கள் பாரோயில் ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். என் பெர்மிட்டை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கம்பெனி கையெழுத்துப் போட்டால்தான் இமிகிரேசன் வாசலையே மிதிக்க முடியும். அங்கே என் இனிஷியலை விரித்து எழுதி, அப்பா பெயரையே என் பெயராக்கிவிட்டார்கள். கவுண்டரில் இருந்து "குழந்தைசாமி" என்று கூப்பிடும்போதெல்லாம் செத்துப்போன அப்பா எழுந்து போய் நிற்பார் என்று ஒரு கணம் காத்திருப்பேன். பிறகு நானே போவேன்.

மகள் பிரியாவைப் பள்ளியில் விடுமுறைக்குப் போகும் சொந்தக் கம்போங், அதாவது கிராமம், பற்றி மலாயில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். அவள் கோவையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பெருமாளண்ணன் வீட்டைப் பற்றி எழுதியிருந்தாள். கோழி, லயத்துக் குழாயடி, அஞ்சலை ஆன்ட்டி பொரித்துக் கொடுத்த மரவள்ளிக் கிழங்கு எல்லாம் அதில் இருந்தன.

"அது நம்ம ஊர் இல்லடா," என்றேன்.

"அப்போ நம்ம ஊரு எது பா? எனக்கு அது ஞாபகமே இல்ல லா."

என் மனைவி கல்யாணி கட்டுரைத் தாளை மடித்துப் பிரியாவின் பையில் வைத்தாள்.

5

நிபுணர் வருவதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. மேலாளரே பூஜைக்கு அனுமதி கொடுத்தார். பெருமாளண்ணன் வேனைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, ஸ்பேனர் முதல் லேப்டாப் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார். மேலாளர் புதுக் காரில் வந்து இறங்கினார். அதற்கும் மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்ததும் பெருமாளண்ணன்தான். மேலாளர் திருநீறு பூசிக்கொண்டு, சுண்டலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்று மட்டும் மறுப்பதற்கு ஒன்றும் இல்லாமலே தமிழில் பேசினார்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. பூஜைக்கு வைத்த கருவி அன்றைக்கு முழுக்க ஓய்வெடுக்க வேண்டும். பால்வெட்டுக் கத்தியை எடுக்க மாட்டார்கள், வாளியைத் தொட மாட்டார்கள். லாரி என்றால் பேட்டரி வயரையே கழற்றி வைத்துவிடுவார்கள். வயர் மாட்டியிருந்தால் அது எப்படி ஓய்வு ஆகும்? எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு பெருமாளண்ணன் பெட்டிக்குப் போகும் தனி வயரையும் கழற்றி, நுனியில் ஒரு பொட்டு வைத்து, வாழையிலைத் துண்டின் மேல் படுக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து கும்பிட்டுவிட்டுத் திரும்ப மாட்டினார். விளக்கு பச்சையானது. அதற்குப் பிறகே சாவியைத் திருப்பினார். வகுத்த வரிசையில் ஒன்றைக்கூட அவர் தாண்டவில்லை.

ஆனால் அந்த வயர் பெட்டியை எழுப்புவதற்கு மட்டும் இல்லை. பெட்டியின் நினைவு தங்கியிருப்பதும் அதில் வரும் மின்சாரத்தால்தான். கழற்றினால் நாங்கள் மாற்றிய எண்கள் எல்லாம் மறந்துபோய், பழைய எண்களோடு எழுந்து உட்காரும். பச்சை விளக்கு விழித்துவிட்டேன் என்று மட்டும்தான் சொல்லும். எதை மறந்தேன் என்று சொல்லாது.

6

வேன் ஓடும்போது வித்தியாசம் தெரியாது. தோட்டத் திடல் வரை ஒழுங்காகவே போனோம். கொதிக்க விட்டோம். நிபுணர் தொப்பியோடு வெயிலிலேயே நின்றார். மேலாளர் ஏர்கண்டிஷன் காரில் இருந்தார். பெருமாளண்ணன் சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமியது, மறுபடி இருமியது, கரும்புகையைக் கக்கிவிட்டு அணைந்துபோனது. மேலாளர் காரைவிட்டு இறங்கி வந்தார்.

நான் லேப்டாப்பைப் பார்த்தேன். எல்லாம் பழைய எண்கள்.

"அண்ணா, பெட்டி வயரை யாராச்சும் கழட்டுனாங்களா?"

"நான்தான் சார் கழட்டி வெச்சேன்," என்றார் பளிச்சென்று. "அதுவும் ஒழைக்குதுல்ல, ஒரு நாளு ஓய்வு வேணாமா? காலைல மாட்டிட்டேன் சார். பச்ச வந்துச்சே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்களின் நகல் ஃபிளாப்பியில் இருந்தது. அதைத் திரும்பப் பெட்டிக்குள் ஏற்றினோம். இன்னொரு முறை கொதிக்க விட்டுக் கிளப்பினோம். சாவியைத் தொட்டதும் பூப்போலக் கிளம்பியது. நிபுணர் கைகொடுத்தார். வயரைக் கழற்றிய காரணத்தை நான் சொன்னதும் அவரும் சிரித்தார். அவர்கள் பட்டறையில் கூட்டித் துடைக்க வரும் அம்மாள், தூசி உறிஞ்சும் மெஷினைச் செருக இதே மாதிரி ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டாராம். அதன் பிறகு பிளக்குக்கு ஒரு மூடி போட்டார்களாம். பெட்டி விழித்தால் மட்டும் போதாது, எண்கள் சரியா என்று அது பார்த்துச் சொல்லும் வரை ஈ.சி.யூ.வை எழவிடாமல் பிடித்து வையுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். நல்ல யோசனை. இன்றுவரை அப்படித்தான் செய்கிறோம்.

அந்த அம்மாளை என்ன செய்தீர்கள் என்று மேலாளர் ஆங்கிலத்தில் கேட்டார். நிபுணருக்குக் கேள்வியே புரியவில்லை. "ஏன், அவர் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறார்," என்றார்.

7

மறுநாள் மேலாளர் அறைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். நாற்காலி இருந்தும் பெருமாளண்ணன் உட்காரவில்லை. ஓரத்தில் ஓர் அலுவலகப் பெண் தட்டச்சு மெஷினோடு உட்கார்ந்திருந்தாள். நான் நிபுணர் எழுதிக் கொடுத்த தாளைக் கையில் வைத்திருந்தேன். குறை வரிசையில்தான் இருந்தது, ஆளிடம் இல்லை என்று சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

மேலாளர் தமிழில் ஆரம்பித்தார்.

"பொட்டி வயர யாரு கழட்டுனது?"

"நான்தான் சார். என் தப்புதான் சார். மன்னிச்சிருங்க சார். இனிமே நடக்காது."

"சார், ஒரு நிமிஷம்," என்றேன். "அந்த வயரைக் கழட்டக் கூடாதுன்னு எங்கயுமே எழுதி வைக்கலீங்க. அவருக்கு யாரும் சொல்லவும் இல்லீங்க."

"அவரே ஒத்துக்கிட்டாரு. நீங்க என்னா நடுவுல?" என்றார் மேலாளர். அதற்குள் தட்டச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. பிறகு மேலாளர் பெருமாளண்ணனை வாய்க்கு வந்தபடி ஏசினார். சாமி கும்பிடவா சம்பளம் என்று கேட்டார். நேற்று முன்தினம் அவர் நெற்றியில் இருந்த திருநீறு என் கண்ணிலேயே நின்றது.

வெளியே வந்ததும் பெருமாளண்ணன் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"முடிஞ்சிருச்சு சார். ஏசிட்டாருன்னா கோவம் போச்சுன்னு அர்த்தம்."

"ஏனுங்கண்ணா உடனே ஒத்துக்கிட்டீங்க? நான் பேச வந்தேனே?"

"ஐயோ, ஒங்களுக்குத் தெரியாது சார். பால் லாரிய ஒருக்கா வளைவுல கவுத்துட்டேன். அம்புட்டுப் பாலும் ரோட்டோரக் கானுல போச்சு. தொர கூப்ட்டாரு. என் தப்புதான் தொரன்னேன். இங்கிலீசுல கத்து கத்துன்னு கத்துனாரு, தொப்பியத் தூக்கி எறிஞ்சாரு. அடுத்த நாளு அதே லாரி, அதே சாவி. மறுத்துப் பேசுனவன்தான் சார் பொட்டி படுக்கையோட வெளிய போனான். எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான். வேல வாங்குற மண்டோரு கேட்டாலும் கணக்கெழுதுற கிராணி கேட்டாலும், மொதல்ல ஒத்துக்கிறணும்."

அவர் சொன்னது பொய்யில்லை. துரையின் பக்கத்தில் அதைத் தட்டச்சு செய்ய ஒரு பெண் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

வேலை நீக்கக் கடிதம் அந்த வாரமே வந்தது. 'தன் தவறைத் தானே ஒப்புக்கொண்ட காரணத்தால்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதனால் விசாரணை தேவையில்லை, அறிவிப்புக் காலமும் தேவையில்லை. படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். அவர் நம்பவில்லை. "இன்னொருக்கா படிங்க சார்," என்றார்.

8

நான் சும்மா இருக்கவில்லை. பொறுப்பு முழுக்க என்னுடையது என்று ஒரு பக்கம் எழுதி, நிபுணரின் தாளையும் வைத்து மேலாளரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

"ஒங்க பெர்மிட் பேப்பரும் இதே மேசைலதான் இருக்கு. நான் மறக்கல. நீங்களும் மறக்காதீங்க," என்றார். அதுவும் தமிழில்.

ஆனாலும் என் பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டார். எண்கள் என் கையில் இருந்தன, அதனால் எனக்கு மன்னிப்புக் கிடைத்தது. இதை நியாயம் என்று நினைத்து நான் ஒரு நாளும் ஏமாந்ததில்லை. அந்த மனிதரை நான் வெறுக்கிறேன். அவர் கையெழுத்தில்தான் என் குடும்பம் இங்கே இருக்கிறது. இரண்டும் உண்மை. தினமும் காலையில் அவருக்கு "குட் மார்னிங்" சொல்கிறேன்.

பெருமாளண்ணனுக்குப் பிறகு வந்த டிரைவர்கள் யாரும் நிலைக்கவில்லை. ஒருவர் பெட்டி எழுவதற்குள் சாவியைத் திருப்பினார். ஒருவர் கொதிக்க விட்ட வேனின் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றாடத் தூங்கினார். பதிவுகள் பாழாயின. கடைசியில் ஒரு காலை, ஆள் சப்ளை செய்யும் காண்ட்ராக்டரின் வேனிலிருந்து பெருமாளண்ணன் இறங்கினார். மேலாளரே சொல்லியனுப்பியிருக்கிறார். அதே வேன், அதே இருக்கை, அதே வேலை. சம்பளம் மட்டும் நாள் கூலி, அதுவும் காண்ட்ராக்டர் கையால்.

ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா சார், நான் சொன்னேன்ல? ஒத்துக்கிட்டா திரும்ப எடுத்துக்குவாங்கன்னு! கொஞ்சம் நாளாச்சு, அம்புட்டுத்தான்."

அஞ்சலை அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு நெய்ச்சோறு கொடுத்தனுப்பினார். கல்யாணி பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள். "கடன் பத்தி நீங்க அவர்கிட்ட சொல்லலையா?" என்று கேட்டாள். சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தை உடைக்க எனக்கு வாய் வரவில்லை. வங்கி அந்த வேலையைச் செய்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

செய்தது. காண்ட்ராக்டர் கொடுத்த தாளை வைத்துக் கடன் தர முடியாது என்று வங்கி பதில் போட்டது. வீடு பட்டியலில் அடுத்த பெயருக்குப் போனது. லயங்களை இடித்தார்கள். பெருமாளண்ணன் குடும்பம் பெடாஸ் கடைத்தெருவில் ஒரு கடைக்குப் பின்னால் ஓர் அறைக்குக் குடிபோனது. கட்டில் உள்ளே போகவில்லை என்று கால்களை அறுத்தார்கள்.

9

அதற்குப் பிறகு ஒரு நாள் சோதனைக்குப் போயிருந்தோம். புகைவீடும் இல்லை, லயமும் இல்லை, திடல் மட்டும் முன்பைவிடப் பெரிதாகக் கிடந்தது. வேன் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பெருமாளண்ணன் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அப்ப அன்னைக்கி நான் ஒத்துக்கிட்டதுதான் தப்பா சார்?"

"தப்பில்லீங்கண்ணா. ஆனா அதை வெச்சுத்தான் உங்களை வெளிய அனுப்புனாங்க. ஒத்துக்கலைன்னா விசாரிச்சிருக்கணும். விசாரிச்சா நிபுணர் எழுதுன அந்தத் தாளை நான் காட்டிருப்பேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. புதிய வேலை ஒன்றைப் பழகிக்கொள்கிறவர் போலத் திரும்பி உட்கார்ந்தார்.

"சரி சார். அடுத்த தடவ கூப்ட்டு கேட்டா என்னா சொல்லணும்?"

"எனக்குத் தெரியாது, நான் பார்க்கலைன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

"நானே செஞ்சிருந்தாலுமா?"

"நீங்களே செஞ்சிருந்தாலும்."

"எந்த பாஷைல சார்?"

"அவங்க எதுல கேக்கறாங்களோ அதுல."

பெருமாளண்ணன் எழுந்து நின்றார். மேலாளர் அறையில் நின்ற மாதிரியே கைகளைக் கட்டிக்கொண்டார். தரையைப் பார்த்தபடி, "எனக்குத் தெரியாது சார், நான் பாக்கல சார்," என்றார். முகத்தைப் பார்த்தாலே பொய் என்று தெரிந்தது.

இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன்.